சயனோடைப் முதல் முயற்சி: வெயில்ல நீலமா இருக்கு, கழுவினா வெளிறிப் போகுது

பாசிக்காரிமகள்
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வாரமா இதோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன், யாராச்சும் வழி சொல்லுங்க.

எங்களுக்கு பாம்பன். அம்மா கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே பாசி எடுக்குறவங்க. விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, கண்ணாடி மாட்டிக்கிட்டு, மூச்சை அடக்கி முங்கி, பாறையில இருக்குற பாசியைக் கிள்ளி எடுத்துட்டு வருவாங்க. இப்ப முட்டி ஒத்துழைக்கல, கடலுக்குப் போறது குறைஞ்சிருச்சு. அவங்க கைபட்ட பாசி ஒவ்வொண்ணையும் ஒரு தாள்ல பிடிச்சு வைக்கணும்னு ஆசை. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, பக்கோடாப்பாசி, அவங்க சொல்ற பேரோட. செல்போன்ல எடுத்த படம்லாம் போன் மாத்துறப்ப போயிரும், அதான் மருந்து தடவின தாள்ல பொருளை வச்சு வெயில்ல காட்டி எடுக்குற இந்த நீல அச்சுல, அதாவது சயனோடைப்ல இறங்கினேன்.

செஞ்சது இதுதான். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம், 100 மில்லி தண்ணியில. பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம், இன்னொரு 100 மில்லியில. ரெண்டையும் சரிபாதி கலந்து, ராத்திரி ஜீரோ வாட் பல்பு வெளிச்சத்துல கார்ட்ரிட்ஜ் தாள்ல பிரஷ்ஷால தடவி, பீரோவுக்குள்ள காயவச்சேன். காலையில 11 மணிக்கு பாசியை வச்சு, போட்டோ ஃபிரேம் கண்ணாடியை மேல அமுக்கி 4 நிமிசம் வெயில்ல வச்சேன். தாள் நல்லா நீலமானதும் எடுத்து, போர் தண்ணியில கால் மணி நேரம் கழுவினேன்.

கழுவக் கழுவ நீலம் ஓடுது. கடைசியில வெளிறின வானம் மாதிரி ஒரு கலர். மறுநாள் பார்த்தா அதுவும் சாம்பல் பூத்துக் கிடக்கு. வெள்ளையா இருக்கவேண்டிய இடமும் மஞ்சளடிக்குது. அங்கங்க கடுகு மாதிரி கருநீலப் புள்ளி வேற. ஆறு தாள் போச்சு. எங்க தப்பு?

கோவைநீலம்
சகோதரி, முதல்ல ஒண்ணு கேட்டுக்கறனுங்க. ஃபெரிசயனைடு வாங்கினீங்களே, அது என்ன கலர்ல இருந்துச்சு? செங்கல்லு மாதிரி சிவப்பா இருந்துச்சா, எலுமிச்சை மாதிரி மஞ்சளா இருந்துச்சா?

ஏன் கேக்கறேன்னா, நான் ஆரம்பிச்சப்ப கடையில ஃபெரிசயனைடு கேட்டா ஃபெரோசயனைடு குடுத்துட்டாங்க. பேர்ல ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஃபெரோ மஞ்சள் படிகம். அதைக் கலந்த நொடியில, வெயிலே படாம, கிண்ணத்துலயே மொத்தமும் கருநீலமாயிருச்சு. தலைவலியோட ஒரு வாரம் சுத்துனனுங்க.

பாசிக்காரிமகள்
சிவப்புதான் அண்ணா. தண்ணியில கரைச்சா ஆரஞ்சு மாதிரி ஆச்சு. ரெண்டையும் கலந்தப்ப இளம்பச்சையும் மஞ்சளுமா இருந்துச்சு, நீலமாகல.

கோவைநீலம்
அப்ப மருந்து சரிதானுங்க. அந்த கடுகுப் புள்ளிக்கு பிரஷ்தான் காரணம். பிரஷ்ஷோட கழுத்துல தகரப் பட்டை இருக்கும் பாருங்க, அதுல துரு பிடிச்சிருக்கும். இரும்பு பட்டா இந்த மருந்து நீலமாயிரும். பஞ்சுத் துண்டு, இல்லீன்னா ஸ்பாஞ்சை வெட்டி தடவுங்க. ஏ5 தாளுக்கு ரெண்டு மில்லி கலவை தாராளம். தாள்ல தேங்கி நிக்கற அளவுக்கு ஊத்தாதீங்க.

அடுத்தது நேரம். 4 நிமிசம் பத்தாதுங்க. நீலமானதும் எடுத்தேன்னு சொல்றீங்களே, எல்லாரும் வழுக்கற இடம் அதுதான். நீலத்தைத் தாண்டிப் போகணும். மூடாத ஓரம் முதல்ல பச்சையடிக்கும், அப்பறம் நீலம், அப்பறம் அந்த நீலமே செத்து, பழைய ஈயப் பாத்திரம் மாதிரி ஒரு சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம் வரும். பாத்தா ஐயோ கெட்டுப்போச்சேன்னு தோணும். கெடலைங்க, அதுதான் பதம். அதுல ஒரு பங்கு எப்படியும் தண்ணியோட போகும், அதுக்கும் சேத்துத்தான் வெயில் காட்டணும்.

ஒரு தாளை அட்டையால மூடிட்டு, 2 நிமிசத்துக்கு ஒருதரம் ஒரு விரக்கடை தள்ளித் தள்ளித் திறங்க. 2, 4, 6, 8, 10னு பட்டை பட்டையா வரும். கழுவிக் காஞ்சப்பறம் எது கருநீலமா நிக்குதோ அதுதான் உங்க ஊரு வெயிலுக்கு உங்க நேரம். அடுத்தவங்க சொல்ற நேரத்தை நம்பாதீங்க, நான் சொல்றதையும் சேத்துத்தான்.

சேலம்புதுசு
இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். பேர்லயே சயனைடுன்னு இருக்கே, வீட்ல குழந்தைங்க இருக்காங்க, இதைத் தொடலாமா? எங்க வீட்டுக்காரர் பொட்டலத்தைப் பார்த்துட்டு தூக்கிப் போடுன்னு நிக்கிறார்.

வேதியியல்டீச்சர்
பயம் நியாயமானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஃபெரிசயனைடில் இருக்கும் சயனைடு தனியாக இல்லை. நடுவில் ஓர் இரும்பு அணு, அதைச் சுற்றி ஆறு சயனைடு, விடாப்பிடியாகப் பிணைந்திருக்கிறது. சாதாரணத் தண்ணீரிலோ கையிலோ பட்டதற்காக அது பிரிந்து வராது. பிரிய வைப்பவை இரண்டு: கடும் அமிலம், கடும் சூடு. ஆகவே பாத்ரூம் கழுவும் ஆசிட் இருக்கும் பக்கமே இதை வைக்கக் கூடாது. அடுப்பில் சூடாக்கக் கூடாது. கழுவிய தண்ணீரை ஆசிட் ஊற்றிய கழிவறையில் கொட்டவும் கூடாது. எலுமிச்சைச் சாறு, வினிகர் போன்றவை நிறையத் தண்ணீரில் சிறிதளவு என்றால் ஆபத்தில்லை.

இன்னொரு பொருளான ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் நம் நாட்டு இரும்புச்சத்து டானிக் பலவற்றில் இருக்கும் அதே பொருள்தான். அதற்காக இதைக் குடித்துப் பார்க்கலாம் என்றில்லை. கையுறை போடுங்கள், சமையல் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்காதீர்கள், பாட்டிலில் பெயரெழுதி எட்டாத உயரத்தில் வையுங்கள். பிள்ளைகள் இலை வைப்பதும் கழுவும்போது நிறம் மாறுவதைப் பார்ப்பதும் போதும், கலக்குவது பெரியவர்கள் வேலை.

கடைசியில் தாளில் தங்கும் நீலத்துக்குப் பிரஷ்ய நீலம் என்று பெயர். தாலியம், கதிரியக்க சீசியம் உடலுக்குள் போனவர்களுக்கு அதை முறிக்கும் மருந்தாகவே இந்த நீலத்தைக் கொடுக்கிறார்கள். இதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

வெயில் என்ன செய்கிறது என்பதும் இரண்டே வரிதான். புற ஊதாக் கதிர் சிட்ரேட்டில் உள்ள இரும்பை ஒரு படி இறக்குகிறது. இறங்கிய அந்த இரும்பு ஃபெரிசயனைடோடு சேர்ந்து நீலமாகிறது. நீலம் தண்ணீரில் கரையாது, வெயில் படாத மருந்து கரைந்து போய்விடும். ஃபிலிம் கழுவத் தேவைப்படும் இருட்டறை, டெவலப்பர், ஃபிக்ஸர் எதுவும் வேண்டாம். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: டியூப்லைட்டிலும் கொஞ்சம் புற ஊதா உண்டு. பாம்பன் சகோதரி ஜீரோ வாட் பல்பில் தடவியது சரியான முடிவு.

ஃபெர்ரோதாத்தா
இந்த இழையைப் பேத்தி காட்டினாள். மனசு நிறைந்துவிட்டது.

நான் 1974இல் அரசு வரைபடப் பிரிவில் ஃபெர்ரோ பிரிண்டராக வேலைக்குச் சேர்ந்தவன். நீங்கள் சயனோடைப் என்று சொல்வதைத்தான் நாங்கள் ஃபெர்ரோ பிரிண்ட் என்போம். ட்ரேசிங் துணியில் இந்தியன் இங்க்கால் வரைந்த அணைக்கட்டு, மதகு, பாலம் எல்லாம் மொட்டைமாடியில் கண்ணாடிச் சட்டத்துக்குள் போகும். கீழே மருந்துத் தாள், மேலே ட்ரேசிங், அதன்மேல் கனத்த கண்ணாடி, பின்பக்கம் கம்பளி வைத்த பலகை, திருகி இறுக்க வேண்டும். கம்பளி எதற்கென்றால், தாள் ஒரு நூலளவு தூக்கினாலும் அந்த இடத்தில் கோடு கலங்கிவிடும். கோடு வெள்ளையாக, மீதி முழுவதும் நீலமாக வரும். பிறகு வந்த அமோனியா பிரிண்டில் வெள்ளைத் தாளில் நீலக் கோடு. இரண்டையும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள், இரண்டும் வேறு மருந்து.

பதம் பற்றிக் கோவைத் தம்பி சொன்னது முழுக்கச் சரி. எங்கள் மேஸ்திரி கடிகாரம் பார்க்கவே மாட்டார். சட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தாள் ஓரத்தைத்தான் பார்ப்பார். மேகம் வந்தால் கடிகாரம் பொய் சொல்லும், ஓரம் பொய் சொல்லாது.

கழுவும் தொட்டியில் நாங்கள் டைக்ரோமேட் கலப்போம், நீலம் கனமாக வரும். அது புற்றுநோய் வரவழைக்கும் சரக்கு என்று பின்னால்தான் தெரிந்தது. வெறும் கையால் அள்ளிய கை இது. யாராவது பழைய புத்தகத்தில் பார்த்துவிட்டு அதை வாங்க நினைத்தால், தயவுசெய்து வாங்காதீர்கள்.

கோவைநீலம்
ஐயா, நீங்க இங்க எழுதினது எங்க பாக்கியமுங்க. டைக்ரோமேட்டுக்குப் பதிலா நாங்க ஹைட்ரஜன் பெராக்சைடு போடறோம். மெடிக்கல்ல புண் கழுவ விக்கறதேதான். ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு ஸ்பூன், கடைசிக் கழுவல்ல. தாளை விட்டதும் வெளிர்நீலம் கண்ணு முன்னாடியே கருநீலமாகும்.

வேதியியல்டீச்சர்
பெராக்சைடு நல்லதுதான், ஆனால் அது புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. இருக்கும் நீலத்தில் ஒரு பகுதி வெயிலிலேயே நிறமற்ற வடிவத்துக்கு இறங்கியிருக்கும், அதை மறுபடி ஏற்றிவிடுகிறது. ஒரு நாள் காற்றாட விட்டாலும் அதே ஆழம் வரும். குறைவாக வெயில் பட்ட தாளைப் பெராக்சைடு காப்பாற்றாது. ஆகவே தங்கை முதலில் நேரத்தைச் சரிசெய்யட்டும்.

பாசிக்காரிமகள்
எல்லாருக்கும் நன்றி. பட்டை பட்டையா சோதிச்சுப் பார்த்துட்டேன். எங்க மாடியில மதியம் 9 நிமிசத்துக்கு அந்த ஈயக் கலர் வருது. ஸ்பாஞ்சுக்கு மாறினதும் புள்ளி போயிருச்சு.

ஆனா வெளிறுறது நிக்கல. கழுவத் தொடங்கினப்ப அருமையா இருக்கு, பத்து நிமிசத்துல இறங்க ஆரம்பிக்குது. காஞ்சப்பறம் மறுநாள் இன்னும் மங்கல். பெராக்சைடு விட்டா அஞ்சு நிமிசம் பளிச்னு இருந்துட்டு திரும்ப இறங்குது.

வலிகாமம்
வணக்கம் பிள்ளை. நான் யாழ்ப்பாணம். உங்கட பிரச்சினை எனக்கு நல்லாத் தெரியும், மூண்டு மாசம் இதுக்குள்ள கிடந்து உழைஞ்சனான்.

உங்கட தண்ணியைப் பாருங்கோ. எங்கட குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல். கிணத்துத் தண்ணி கொதிக்க வச்சால் கேத்திலுக்குள்ள வெள்ளையாத் தட்டுத் தட்டாப் படியும். இந்த நீலத்துக்குக் காரம் ஆகாது. சோப்பு, சலவைச் சோடா, சுண்ணாம்புத் தண்ணி எல்லாம் அதைத் தின்னும். தின்டு முடிஞ்சால் மிஞ்சுறது துருப்பிடிச்ச மாதிரி ஒரு மஞ்சள். நீங்கள் சொல்லுற மஞ்சளும் அதுவாத்தான் இருக்கும்.

நான் செய்யிறது இதுதான்: முதல் கழுவுற தட்டில ஒரு லீற்றர் தண்ணிக்கு அரைத் தேசிக்காய் பிழிஞ்சு, வடிச்சு விடுவன். விதையோ சக்கையோ தாளில ஒட்டக் கூடாது. அதில அஞ்சு நிமிசம். பிறகு மழைத்தண்ணி. மாரியில பீலியால வாறதைப் பிடிச்சு வச்சிருக்கிறன். கிணத்துத் தண்ணியைத் தாளுக்குக் கிட்டவும் கொண்டு போறேல்லை.

நம்பாட்டி ஒரு தாளை ரண்டாக் கிழிச்சு, ஒரு பாதியை உங்கட தண்ணியிலும் மற்றதைத் தேசிக்காய்த் தண்ணியிலும் போட்டுப் பாருங்கோ.

வேதியியல்டீச்சர்
இதை நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். தாளையும் சந்தேகிக்க வேண்டும். வரைபடத் தாள் பலவற்றில் மஞ்சளாகாமல் இருக்கச் சுண்ணாம்புத் தூள் கலந்திருப்பார்கள். அந்தத் தாள் கழுவும்போது மட்டுமல்ல, அலமாரியில் இருக்கும்போதும் நீலத்தைக் கரைத்துக்கொண்டே இருக்கும். முழுப் பருத்தியில் செய்த 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாள், அதிலும் காரம் சேர்க்காதது என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் இருக்கும் தாளின் மூலையில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது.

சேலம்புதுசு
அப்ப துப்பட்டாவுல போட்டா? துணியை சோப்பு போடாம எப்படி துவைக்கிறது?

கோவைநீலம்
சோப்புத்தூள் பட்டா மஞ்சளாயிருமுங்க. வெறும் தண்ணியில அலசி நிழல்ல காயப்போடணும். தினம் உடுத்தற துணிக்கு இது ஒத்துவராது. சுவத்துல மாட்டறதுக்குன்னா பருத்தித் துணி அழகா பிடிக்கும்.

பாசிக்காரிமகள்
வலிகாமம் அண்ணா (அக்காவா, தெரியல), கும்பிடு போடுறேன்.

ஒரே தாளை ரெண்டா வெட்டி போட்டேன். ஒரு பாதி போர் தண்ணி. மறுபாதி கேன் தண்ணியில எலுமிச்சம்பழம். பத்து நிமிசத்துல ரெண்டும் வேற வேற வீட்டுப் பிள்ளை மாதிரி ஆயிருச்சு. போர் தண்ணித் துண்டு அதே செத்த சாம்பல். கேன் தண்ணித் துண்டு, நான் இதுவரைக்கும் பார்க்காத நீலம். அமாவாசைக்கு முந்துன நாள் சாயங்காலம் கடல் தூரத்துல ஒரு கோடா தெரியுமே, அந்த நிறம். வினிகர் சொட்டும் விட்டுப் பார்த்தேன், கார்ட்ரிட்ஜ் தாள் லேசா நுரைச்சுது. மதுரையில இருந்து பருத்தித் தாள் வரச் சொல்லியிருக்கேன்.

இப்ப அடுத்த சங்கடம். கஞ்சிப்பாசி அழகா விழுது. அது கண்ணாடி மாதிரி, வெயில் உள்ள புகுந்து நடுவுல இளநீலம், ஓரத்துல வெள்ளை, கிளை கிளையா தெரியுது. மரிக்கொழுந்துதான் படுத்துது. விறைப்பா நிக்குது, ஓரம் கலங்கிருது. பக்கோடாப்பாசியைக் கேக்கவே வேணாம், வெறும் வெள்ளைக் கட்டியாத்தான் வருது. ஈரத்தோட வச்சா தாள்ல கறை.

வலிகாமம்
அக்காதான். பாசியை முதல்ல நல்ல தண்ணியில அலசுங்கோ. உப்பு இருந்தால் காத்தில இருக்கிற ஈரத்தை இழுக்கும், தாள் நனையும். பிறகு ஒரு தட்டில தண்ணி விட்டு, பாசியை மிதக்கவிட்டு, கிளையளை ஈர்க்காலை விரிச்சு, அடியில ஓஎச்பி ஷீட்டை (வெளிச்சம் ஊடுருவுற பிளாஸ்டிக் தாள்) நுழைச்சு மெல்லத் தூக்குங்கோ. மேல மல்துணி, அதுக்கு மேல பேப்பர், பிறகு பாரம். பேப்பரை ஒவ்வொரு நாளும் மாத்துங்கோ. பாசிக்குள்ளயே பசை இருக்கு, தானாகவே ஷீட்டில ஒட்டிக் காயும். அந்த ஒரு ஷீட்டை வச்சு எத்தினை தாளும் அடிக்கலாம். ஒட்டின பக்கம் மருந்தைப் பாத்துக் கீழ இருக்கோணும், அப்பதான் ஓரம் கூராய் வரும்.

ஃபெர்ரோதாத்தா
மகளே, வெயில் உச்சியில் இருக்கும்போது வை. சாய்ந்த வெயில் தடித்த பொருளுக்கு அடியில் புகுந்து ஓரத்தைக் கரைத்துவிடும். பின்பக்கம் பழைய கம்பளியோ நுரைத்தாளோ வைத்து, நாலு பக்கமும் கிளிப்பால் இறுக்கு. உங்கள் ஊர்க் காற்றுக்குக் கண்ணாடி தனியாக நிற்காது.

வேதியியல்டீச்சர்
பாசி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இந்த முறையை இங்கிலாந்தில் வானியலாளர் ஜான் ஹெர்ஷெல் 1842இல் கண்டுபிடித்தார். மறு ஆண்டே, 1843 அக்டோபரில், அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி இதே நீலத்தில் ஒரு புத்தகத்தின் முதல் பகுதியை வெளியிட்டார். பிரிட்டன் கடற்பாசிகள் பற்றிய புத்தகம். ஒளிப்படம் சேர்த்து வந்த முதல் புத்தகம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். இவ்வளவு நுண்ணிய பாசியைக் கையால் துல்லியமாக வரைய முடியவில்லை, அதனால் ஹெர்ஷெலின் முறையை எடுத்துக்கொண்டேன் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு பிரதியின் ஒவ்வொரு தாளும் கையால் தடவி, வெயிலில் வைத்து, கழுவி எடுத்தது. 1853 வரை, பத்து ஆண்டு செய்தார். பாசியின் பெயரைக்கூட அச்செழுத்தில் போடவில்லை. அவர் கையெழுத்தே பாசிக்குப் பக்கத்தில் நீலத்துக்குள் வெள்ளையாக விழுந்திருக்கும்.

180 ஆண்டு கழித்துப் பாம்பனில் ஒருவர் அதே முறையில் அதே வேலையைச் செய்கிறார். படிக்கும்போது எனக்குக் கண் கலங்கியது.

கோவைநீலம்
சகோதரி, உங்க ஊருக்குன்னு ரெண்டு விசயமுங்க. கடலோரக் காத்து ஈரம். தடவின தாளை அன்னிக்கே, மிஞ்சிப்போனா மறுநாளே அடிச்சிருங்க. வெயில் படறதுக்கு முன்னாடியே நீலம் பூத்த தாள் வீண். சிட்ரேட் கரைசல்ல பூஞ்சை மிதக்கும். கொஞ்சம்னா வடிகட்டிப் பயன்படுத்தலாம். அதனால ஒரே தடவையில 100 மில்லி கரைக்காதீங்க, 20 மில்லி போதுமுங்க.

பாசிக்காரிமகள்
பத்து நாள் கழிச்சு வர்றேன். பருத்தித் தாள் வந்துச்சு. கரை ஒதுங்கின பாசிலயும் அம்மா வீட்ல காயவச்சிருந்ததுலயும் எடுத்து, அக்கா சொன்ன மாதிரி ஷீட்ல விரிச்சேன். மரிக்கொழுந்து நாலு நாள் பாரத்துல இருந்தது. உச்சி வெயில், 9 நிமிசம், கேன் தண்ணி, அரை எலுமிச்சம்பழம்.

விழுந்துருச்சு. நடுத்தண்டு, ரெண்டு பக்கமும் சீப்புப் பல்லு மாதிரி குட்டிக் கிளை, எல்லாம் தனித்தனியா.

அம்மாகிட்ட காட்டினேன். எப்படிம்மா இருக்குன்னு கேட்டா பதிலே சொல்லல. கண்ணுக்குக் கிட்ட கொண்டு போயி, அடித்தண்டு முடியுற இடத்துல விரலை வச்சாங்க. "இது நான் கிள்ளுனது"ன்னாங்க. எப்படித் தெரியும்னு கேட்டேன். பிச்சு எடுத்தா வேரு ஒட்டிக்கிட்டு வருமாம், அடியில பரட்டையா இருக்குமாம். இது மொட்டையா முடியுது. வேரை விட்டுட்டு மேல கிள்ளுனாத்தான் அந்தப் பாறையில திரும்ப வளரும், எங்க அம்மா எனக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்துச்சுன்னாங்க. நான் பக்கத்துல போயி பார்த்தேன், ஆமா, அந்த வெள்ளைத் தண்டு அடியில நேரா வெட்டின மாதிரி முடியுது.

டீச்சர் எழுதினதையும் படிச்சுக் காட்டினேன். அந்தம்மா கையாலயே பேரு எழுதியிருக்காங்கன்னதும், மார்க்கரைக் குடுன்னு வாங்கி ஓஎச்பி ஷீட்ல "மரிக்கொழுந்து"ன்னு எழுதினாங்க. அஞ்சாவதோட நின்ன எழுத்து, கொஞ்சம் சாய்ஞ்சு இருக்கு. அதையும் பாசியோட சேர்த்து வச்சு அடிச்சேன். ஆனா எழுத்து வெள்ளையா வராம மங்கலான நீலமா வந்துருக்கு. மார்க்கர் கறுப்புதானே, ஏன் வெயில் உள்ள போகுது?

ஃபெர்ரோதாத்தா
கண்ணுக்குக் கறுப்பாக இருப்பதெல்லாம் வெயிலுக்குக் கறுப்பு இல்லை அம்மா. எங்கள் காலத்தில் இந்தியன் இங்க் தவிர வேறு எதையும் ட்ரேசிங்கில் விடமாட்டார்கள். கரி கலந்த மை, வெளிச்சம் துளியும் போகாது. அதை வாங்கு. ஷீட் வழுக்கினால் ட்ரேசிங் தாளில் எழுதச் சொல். ஒருமுறை எழுதிக் காய்ந்ததும் அதே கோட்டின் மேல் இன்னொரு முறை எழுதட்டும்.

பாசிக்காரிமகள்
வாங்கிட்டேன் தாத்தா. அம்மா இப்ப கஞ்சிப்பாசிக்கு எழுதிட்டு இருக்காங்க. "ஞ்" மட்டும் மூணு தடவை போட்டுப் பார்த்துட்டாங்க. நாளைக்கு மேகம் இல்லாம இருந்தா மாடிக்கு ஏத்திருவேன்.